தாலி கட்டிய இடமும் கையெழுத்திட்ட இடமும்

கேரளத்தின் திருமணப் பதிவு விதிகளில் எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்காத ஒரு வரி உண்டு. திருமணம் எந்த ஊராட்சியின் எல்லைக்குள் நடந்ததோ, அந்த ஊராட்சியின் பதிவாளரே அதைப் பதிவு செய்ய வேண்டும். மணமக்கள் எங்கே பிறந்தார்கள், எங்கே குடியிருக்கிறார்கள், எங்கே விருந்துண்டார்கள் என்றெல்லாம் அந்த வரி விசாரிப்பதில்லை. பணியிலிருந்த காலத்தில் இப்படித் தெளிவாக எழுதப்பட்ட விதியைக் கண்டாலே எனக்கு ஒரு கவலை வரும். குழப்பமான விதியை நான்கு பேர் கூடிப் படிப்பார்கள். தெளிவான விதியை, தெரிந்ததுதானே என்று யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

நான் திருவனந்தபுரத்தில், சட்டமன்றச் செயலகத்தின் கேள்விப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். உறுப்பினர்கள் எழுதித் தரும் கேள்விகளைப் படித்து, இது விதிப்படி அவைக்கு வரலாம், இது வரக் கூடாது என்று குறிப்பு எழுதுவது என் தொழில். நாட்டு மக்களின் கோபத்தை (அ), (ஆ), (இ) என்று பிரித்து அடுக்கும் தொழில் என்றும் சொல்லலாம். ஓய்வுக்குப் பின் பாறசாலைக்குத் தெற்கே, எல்லையை ஒட்டிய குடும்ப வீட்டுக்கே வந்துவிட்டேன். தினமும் காலையில் பால் வாங்கத் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டு, காப்பி குடிக்கக் கேரளத்துக்குத் திரும்புவேன். அங்கே பால் மேல் என்பதால் அல்ல, கடை பக்கம் என்பதால்.

எங்கள் சபையின் ஆலயம் பழைய மிஷன் காலத்துக் கட்டடம். அதன் முன்னால் ஒரு சாலை. அந்தச் சாலைதான் மாநில எல்லை. ஆலயம் இந்தப் பக்கம், கேரளத்தில். சபையின் மண்டபம் எதிர்ப்பக்கம், தமிழ்நாட்டில். ஆலயத்தின் பதிவறை தாழ்வான இடத்தில் இருக்கிறது. எந்தக் காலத்திலோ ஒரு மழையில் தண்ணீர் ஏறி ஞானஸ்நானப் பதிவேடு ஊறிப்போனதாம். அன்றைக்கு எல்லாப் பதிவேடுகளையும் இரும்புப் பெட்டியோடு தூக்கி, மேட்டிலிருக்கும் மண்டபத்தில் வைத்தார்கள். தண்ணீர் வடிந்தது. பெட்டி திரும்பி வரவில்லை.

ஆகவே எங்கள் சபையில் கல்யாணம் என்றால், இந்தப் பக்கம் தாலி கட்டி ஜெபம் முடிந்ததும், மணமக்கள் முன்னே நடக்க, கூடியிருந்த எல்லோரும் சாலையைத் தாண்டி மாநிலம் மாறுவார்கள். மண்டபத்தில் பதிவேட்டில் கையெழுத்து விழுந்த பிறகுதான் இலை போடுவார்கள். பதிவேட்டிலும் சபை கொடுக்கும் சான்றிலும் 'இடம்' என்ற கட்டத்தில், போதகர் தாம் பேனா பிடித்து உட்கார்ந்திருக்கும் ஊரின் பெயரை எழுதுவார். அவருக்கு முந்தைய போதகரும் அப்படித்தான் எழுதினார். அத்தனை பேர் பசியோடு நிற்கும்போது எழுதப்படும் ஒரு கட்டத்தை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை.

எனக்கு வடக்கு வீட்டுக்காரன் எலக்ட்ரீஷியன். ஆரியங்கோட்டிலிருந்து பெருங்கடவிளை வரை யார் வீடு கட்டினாலும் ஒயரிங்குக்கு அவனைத்தான் தேடுவார்கள். அவன் மனைவி வளைகுடா நாடு ஒன்றில் நர்ஸ். அவள் போகும்போது மகளுக்கு ஒன்றரை வயது. இது நடந்தபோது நான்கு. ஒரு மே மாதம் மருத்துவமனை அவளுக்குக் குடும்பத்தோடு தங்கும் வீடு ஒதுக்கியது. ஒரே நிபந்தனை, கணவனும் குழந்தையும் ஆகஸ்டு முடிவதற்குள் விசாவோடு அங்கே வந்து சேர வேண்டும். தவறினால் வீடு பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும். அவள் மறுபடி பட்டியலின் கடைசிக்குப் போவாள். அது இன்னும் இரண்டு ஆண்டுக் காத்திருப்பு.

குடும்ப விசாவுக்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் உண்மையானது என்று முதலில் மாநில அரசு முத்திரை வைக்க வேண்டும். பிறகு டெல்லி, பிறகு தூதரகம். அவன் திருவனந்தபுரத்தில் அந்த மாநில முத்திரை வைக்கும் அலுவலகத்துக்குப் போனான். ஊராட்சி கொடுத்த சான்றிதழோடு, சபை கொடுத்த சான்றையும் இணைக்கச் சொன்னார்கள். இணைத்தான். அன்று மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"சாரே, ஒரு காரியம் கேக்கணும். நான் கல்யாணம் பண்ணினது கேரளத்திலயா, தமிழ்நாட்டிலயா?"

"உனக்க கல்யாணத்துக்கு நான் வந்தேனே மக்கா. நம்ம சர்ச்சில வச்சுதானே."

"அங்க உள்ள சாரு சொல்லுதாரு, தமிழ்நாட்டில ஆக்கும்னு. சபைக் கடலாசில அப்படித்தான் இடம் போட்டிருக்காம். சென்னைக்குப் போய் முத்திரை வாங்கிட்டு வான்னு சொல்லி விட்டாச்சு."

உள்ளே இஞ்சி தட்டிக்கொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது. "அப்போ நம்ம கல்யாணமும் தமிழ்நாட்டிலதானா? நாமளும் அந்த மண்டபத்திலதானே ஒப்பு போட்டோம். உங்க பென்ஷன் கடலாசில எனக்க பேரு நிக்குமா, போவுமா? அதை முதல்ல பாருங்க."

அவன் சென்னைக்கும் போய்வந்தான். அங்கே இருந்தவர்கள் கேட்டதில் தவறே இல்லை. கேரள ஊராட்சி கொடுத்த சான்றிதழுக்குத் தமிழ்நாடு எப்படி முத்திரை வைக்கும்? இரண்டு மாநிலங்களும் மரியாதையாகக் கைகாட்டியதில் ஜூன் மாதத்தின் முதல் வாரம் போயிற்று.

பிறகு நானே அவனோடு தலைநகருக்குப் போனேன். அந்த அலுவலகத்திலிருந்த இளைஞர் முரட்டு ஆள் அல்ல. எழுந்து நாற்காலி போட்டார். விதி தமக்கும் தெரியும் என்றார், விதியை ஒப்பித்தும் காட்டினார். ஆனால் காகிதத்தில் இடம் வேறாக இருக்கிறதே, நாளை தணிக்கை வந்தால் காகிதத்தைத்தானே பார்ப்பார்கள், என்னைப் பார்க்க மாட்டார்களே என்றார். முரடர்களோடு சண்டை போட எனக்குத் தெரியும். மரியாதையாகப் பயப்படுகிறவரோடு என்ன செய்வது? அவரே ஒரு வழியும் சொன்னார். சபைப் பதிவேட்டில் இடத்தை மட்டும் திருத்தி, புதிய சான்று வாங்கி வந்தால் இன்றே முத்திரை வைத்துத் தருவாராம்.

பஸ் பாலராமபுரம் தாண்டியதும் அவன் மெல்ல ஆரம்பித்தான்.

"சாரே, போதகர் நல்ல மனுஷன். ஒரு வரிதானே. வெட்டிட்டு எழுதினா போராதா?"

"எலே, நீ ஒப்பு போட்டது எங்க?"

"மண்டபத்தில."

"அப்போ பதிவேட்டில இருக்கியது சத்தியம் ஆக்கும். சத்தியத்தை வெட்டிட்டு அதில பொய்யை எழுதணும்னு சொல்லுதியா? நாளைக்கு அந்தப் புஸ்தகத்தில உள்ள ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கேள்வி வரும். எனக்க கல்யாணத்துக்கும் சேத்து."

"அப்போ ஆகஸ்டு?"

நான் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்ப்பதுபோல் இருந்தேன்.

எங்கள் பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினரைத் தேடிப் போவதில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. பணிக்காலம் முழுவதும் உறுப்பினர்களின் கேள்விகளைத் தள்ளிய கை இது. ஆனால் அவர் என்னைக் கண்டதும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். எங்களைப் போலவே எல்லையோரத்து ஆவணத் தகராறில் சிக்கிய வேறு சிலரும் அவரிடம் முறையிட்டிருந்தார்கள். அவர் கொதித்துப்போய்ச் சொந்தக் கையால் ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறார்.

"ரெண்டு காரியத்தையும் சேத்துக் கேட்டேன் சாரே. நம்ம எல்லைப் பஞ்சாயத்துகளுக்குன்னு ஒதுக்கின நிதி எங்க போச்சு, நம்ம ஆளுகளுக்கு ஏன் விசா கிட்ட மாட்டேங்குது. ரெண்டையும் தள்ளிட்டாவ. பாருங்க."

பார்த்தேன். விசா மாநில அரசின் முதன்மைப் பொறுப்பில் அடங்காத பொருள், ஒரே கேள்வியில் தொடர்பில்லாத இரு பொருள்கள் சேர்க்கப்பட்டுள்ளன, ஆகவே அனுமதிக்க இயலவில்லை என்று இருந்தது. அந்த இரண்டு வாக்கியங்களையும் பிரிவின் மாதிரிப் படிவத்தில் சேர்த்தவன் நான்தான். பெற்ற பிள்ளையே வாசலில் நிறுத்தி, யாரைப் பார்க்கணும் என்று என்னைக் கேட்டதுபோல் இருந்தது.

"நல்லாத்தான் தள்ளியிருக்காவ" என்றேன்.

"என்னது?"

"நான் சீட்டில இருந்தாலும் இதைத்தான் செய்வேன். விசா டெல்லிக்க காரியம். இங்க உள்ள அமைச்சர்கிட்ட கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லுததுக்குக்கூட அவருக்கு உரிமை கிடையாது."

"அப்போ விசாவை விட்டுரணுமா?"

"விசாங்கிய வார்த்தையை விடுவோம். விசாவை விட வேண்டாம்."

அவர் உதவியாளரிடம் இன்னொரு சாயா கொண்டுவரச் சொன்னார். அரசியல்வாதிகளிடம் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். எதிராளியின் பக்கத்து ஆட்டக்காரன் தன் பக்கம் வந்து உட்கார்ந்தால் உடனே தெரிந்துகொள்வார்கள்.

இந்த இடத்தில் நிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லை ஊராட்சிகளின் மக்கள் சான்றிதழ்களுக்காக இரண்டு தலைநகரங்களுக்கும் அலைய வேண்டாம் என்று, வட்டார வளர்ச்சி நிதியிலிருந்து ஓர் ஆவணச் சேவை மையம் முன்பே அனுமதிக்கப்பட்டிருந்தது. ஒரு கட்டடத்தில் அதற்குப் பலகையும் மாட்டினார்கள். மலையாளத்திலும் தமிழிலும் எழுதிய நல்ல பலகை. அதன் கீழே இருந்த கதவுக்குப் பூட்டும் நல்ல பூட்டு. அதுவரை யாரும் அதைத் திறந்து நான் பார்த்ததில்லை. ஊராட்சிகளின் நிதியும் திருமணப் பதிவும் ஒரே அமைச்சரின் பொறுப்பில் வருபவை. இரண்டையும் ஒரே கேள்வியில் கேட்டால், தொடர்பில்லாத பொருள் என்று யாரும் தள்ள முடியாது.

ஒரு முழு நாள் உட்கார்ந்து எழுதினேன். அமைச்சர்கள் வழக்கமாகத் தப்பித்துப்போகும் கதவுகள் எனக்குத் தெரியும். எத்தனை, எவ்வளவு என்று கேட்டால் 'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது' என்பார்கள். ஏன் என்று கேட்டால் 'கவனத்துக்கு வரவில்லை' என்பார்கள். நடவடிக்கை எடுக்கப்படுமா என்று கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது'. ஆகவே உண்டு, இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக எழுதினேன். (அ) எல்லை ஊராட்சிகளுக்காக வட்டார நிதியில் அனுமதிக்கப்பட்ட ஆவணச் சேவை மையம் செயல்படுகிறதா. (ஆ) திருமணம் நடந்த இடமே பதிவுக்கு அடிப்படை என்ற விதி இன்று நடைமுறையில் உள்ளதா. (இ) அதை மாற்றிச் சுற்றறிக்கை ஏதும் பிறப்பிக்கப்பட்டுள்ளதா. (ஈ) இல்லையெனில், கையெழுத்து வேறிடத்தில் போடப்பட்டது என்ற காரணத்தால் ஓர் ஊராட்சியின் திருமணச் சான்றிதழைப் பிற அலுவலகங்கள் ஏற்க மறுப்பது அவ்விதிக்கு உடன்பாடானதா.

உறுப்பினர் படித்துவிட்டு முகம் சுளித்தார். "இதில ஒரு சூடும் இல்லியே சாரே."

"சூடு நீங்க எழும்பி நிக்கும்போ வரட்டு. கடலாசு தண்ணியா இருக்கணும்."

கேள்வி அனுமதிக்கப்பட்டது. அந்த அமைச்சர் பதில் சொல்லும் நாள் அந்தக் கூட்டத்தொடரில் இன்னும் ஒன்றுதான் மீதி இருந்தது. அந்த நாள் தப்பினால் அடுத்த கூட்டத்தொடர், அதற்குள் ஆகஸ்டும் போயிருக்கும். கேள்விகளின் வரிசை குலுக்கலில் தீர்மானமாகும். எங்களுக்கு வந்தது பதினோராம் இடம். ஒரு மணி நேரக் கேள்வி வேளையில் வாய்மொழிப் பதில் ஆறு, ஏழு கேள்விகளுக்குத்தான் கிடைக்கும். மற்றவற்றின் பதிலை அச்சடித்து மேசைமேல் வைத்துவிடுவார்கள். அச்சடித்த பதிலின்மேல் யாரும் எழுந்து நின்று குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. நான் இதை வடக்கு வீட்டுக்காரனிடம் சொல்லவில்லை. பார்வையாளர் மாடத்துக்கு இரண்டு சீட்டு வாங்கினேன்.

அத்தனை ஆண்டுகள் அந்தக் கட்டடத்தில் வேலை செய்தும் பார்வையாளர் மாடத்தில் நான் உட்கார்ந்ததில்லை. குடையை வாங்கி வைத்துக்கொண்டார்கள், போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கால்மேல் கால் போடக் கூடாது, சிரிக்கக் கூடாது, கைதட்டக் கூடாது என்று வாசலில் நின்ற காவலர் சொன்னார். அவன் புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். உட்கார்ந்ததும் கூரையைப் பார்த்தான்.

"இந்த விளக்கெல்லாம் ஆரு போட்டது சாரே? ஒரு ஒயரும் வெளிய தெரியல்ல."

"மிண்டாத இரு." உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.

முதல் கேள்வியே கால் மணி நேரத்தைத் தின்றது. இரண்டாவதில் கூச்சல். மூன்றாவது ஒருவழியாக முடிந்தபோது பாதி நேரம் போய்விட்டது. நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, திரும்பிப் போகும் வழியில் அவனிடம் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

அப்போது அவைத்தலைவர் நான்காம் கேள்விக்குரிய உறுப்பினரை அழைத்தார். ஆள் இல்லை. ஐந்தாம் கேள்வி. ஆள் இல்லை. ஆறு, ஏழு, யாரும் இல்லை. அன்று பெரிய முகூர்த்த நாள். கேரளத்தில் தொகுதியில் நடக்கும் கல்யாணத்துக்குப் போகாத உறுப்பினர் மறுபடி உறுப்பினராக வருவது கடினம். அதிலும் அன்று வடக்கே ஒரு பெரிய தலைவர் வீட்டுக் கல்யாணம். தமக்குப் பதிலாகக் கேட்கும்படி வேறு யாருக்கும் எழுத்தில் அதிகாரம் கொடுக்காமல் நான்கு பேரும் அங்கே போயிருந்தார்கள். எட்டாம் கேள்வி விரைவாக முடிந்தது. ஒன்பதும் பத்தும் ஒரே பொருள் என்று சேர்த்துப் பதில் சொல்லப்பட்டன. வேளை முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, அவைத்தலைவர் எங்கள் உறுப்பினரின் பெயரைச் சொன்னார்.

அமைச்சர் எழுந்து காகிதத்தைப் படித்தார். (அ) மையத்தைச் செயல்படுத்தும் நடவடிக்கை முன்னேற்ற நிலையில் உள்ளது. பூட்டு இருக்கிறது என்பதை அரசாங்க மொழியில் அப்படித்தான் சொல்வார்கள். (ஆ) ஆம். (இ) இல்லை. (ஈ) பரிசோதிக்கப்படும்.

'பரிசோதிக்கப்படும்' என்ற சொல்லுக்குக் காலக்கெடு கிடையாது. நான்கு கதவில் மூன்றை அடைத்திருந்தேன். நான்காவதில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டிருக்கிறேன். அந்த விரற்கடைக்குள் ஒரு வருஷம் நுழைந்துபோகும்.

உறுப்பினர் துணைக்கேள்விக்கு எழுந்தார். நான் எழுதிக் கொடுத்திருந்த துணைக்கேள்வி அவர் கையில்தான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தமிழில் ஆரம்பித்தார். எங்கள் அவையில் தமிழில் பேச உரிமை உண்டு. ஆனாலும் அப்படி யாராவது பேசினால் எல்லாத் தலையும் திரும்பும்.

"சார், இதில மாட்டின ஒரு கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன்."

அவைத்தலைவர், விவரம் வேண்டாம், கேள்வியைக் கேளுங்கள் என்றார்.

"கேள்வி வருது சார். தாலி கட்டினது ரோட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்தில. பிரியாணி போட்டது அந்தப் பக்கம், தமிழ்நாட்டில. நான் கண்ணால பாத்தேன், ரெண்டு தடவை வாங்கியும் தின்னேன். கேள்வி இதுதான் சார். ஒரு ஆளுக்கு எங்க வச்சுக் கல்யாணம்னு கேட்டா, தாலி கட்டின இடத்தைச் சொல்லணுமா, பிரியாணி தின்ன இடத்தைச் சொல்லணுமா? அமைச்சருக்கு எங்க வச்சுக் கல்யாணம் நடந்துது?"

அவை முழுவதும் சிரித்தது. ஆளும் தரப்பும் எதிர்த் தரப்பும் சேர்ந்து சிரிப்பதை நான் என் பணிக்காலத்தில் அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன். பிரியாணி பற்றிய பகுதி மூலக் கேள்வியிலிருந்து எழவில்லை என்று அவைத்தலைவர் சொல்லி முடிப்பதற்குள் அவரும் சிரித்துவிட்டார். என் பக்கத்தில் இருந்தவன் எழப் போனான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

அமைச்சரும் சிரித்தபடியே எழுந்தார். சிரித்துக்கொண்டே எழும் அமைச்சர் கையில் காகிதம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். தாலி கட்டிய இடம்தான் கல்யாணம் நடந்த இடம், இதில் அரசுக்கு இரண்டு கருத்து கிடையாது என்று மலையாளத்தில் சொன்னார். தொடர்புள்ள எல்லா அலுவலகங்களுக்கும் இந்த வாரமே சுற்றறிக்கை போகும் என்றார். அந்தச் சேவை மையத்தையும் கூட்டத்தொடர் முடிவதற்குள் திறப்போம் என்றார். மணி அடித்தது.

"சாரே, நாம செயிச்சாச்சா?" அவன் என் காதருகே கேட்டான்.

"அந்தக் கடைசி ரெண்டு வாக்கியம் கேட்டியா? அதுக்கு உறுதிமொழின்னு பேரு. அவையில குடுத்த உறுதிமொழியைக் கணக்கு வச்சுக் கேக்கியதுக்குன்னே ஒரு குழு உண்டு. அமைச்சர் மறந்தாலும் குழு மறக்காது."

"செயிச்சாச்சான்னு கேட்டேன்."

"செயிச்சாச்சு. கால இறக்கி வை, காவலர் பாக்குதாரு."

வெளியே வந்து குடையை வாங்கியபோது நான் எழுதிய துணைக்கேள்வியைப் பற்றி உறுப்பினரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று நினைத்தேன். அது மூன்று விதிகளை மேற்கோள் காட்டும் அழகான கேள்வி. அவர் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தார்.

"எப்படி சாரே, கொள்ளாமா?"

"விதிப்படி தப்பு" என்றேன். "வேற யாராலயும் கேக்க முடியாது."

அமைச்சர் சொன்ன வாரம் போயிற்று. அடுத்த வாரமும் போயிற்று. நாங்கள் மறுபடி அந்த இளைஞரிடம் போனோம். சுற்றறிக்கை வந்து சேரவில்லை என்றார். அன்றைய அவை நடவடிக்கைக் குறிப்பின் படியை எடுத்து வைத்தேன். அவர் அதை மரியாதையோடு இரண்டு முறை படித்துவிட்டு, இது திருத்தப்படாத பிரதி ஆயிற்றே சார் என்றார். அவர் சொன்னது சரி. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, ஒரு வாரிசைப் பார்ப்பதுபோல்தான் இருந்தது. திருத்திய பிரதி வாங்கினேன். உறுப்பினர் அதை இணைத்து உறுதிமொழிக் குழுவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். குழுவின் அலுவலகம் துறையிடம் விளக்கம் கேட்டது. எந்த அமைச்சருக்கும் அஞ்சாத துறைகள் அந்தக் குழுவின் ஒரு பக்கக் குறிப்புக்கு அஞ்சும். சுற்றறிக்கை நான்கே நாளில் வந்தது. இரண்டு பத்தி. முதல் பத்தி, நான் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அதே விதி. இரண்டாம் பத்தி, அதன்படி நடக்கவும்.

சேவை மையமும் திறந்தது, வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை. முதல் புதன்கிழமை நான் போய்ப் பார்த்தபோது உள்ளே இரண்டு நாற்காலியும் ஒரு கம்ப்யூட்டரும் ஓர் ஊழியரும் இருந்தார்கள். வெளியே வரிசை சாலைவரை நின்றது. இங்கே பிறந்து அங்கே படித்தவர்கள், அங்கே பிறந்து இங்கே மணந்தவர்கள், நிலம் இங்கும் ரேஷன் அட்டை அங்குமாய் இருப்பவர்கள். எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் உறைக்குள் ஏதோ ஒரு காகிதம். வரிசையில் முன்னால் நின்ற பெண்மணி ஒருவர் என்னைக் கண்டு, "நீங்கதானே அந்தப் பிரியாணிக் கேள்வி எழுதின சாரு?" என்று கேட்டார். இல்லை, அதைத் தவிர மற்றதெல்லாம் எழுதியவன் என்று விளக்க முயன்றேன். அவர் நம்பவில்லை. "சும்மா பறயாதீங்க" என்றார். அன்றிலிருந்து நானும் மறுப்பதை விட்டுவிட்டேன்.

என் மனைவியின் கவலை மட்டும் உடனே தீரவில்லை. சுற்றறிக்கையின் படி ஒன்றை எங்கள் திருமணச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்தச் சொன்னாள். படி எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்பம் நான் கேரளத்துப் பெண்டாட்டி ஆக்கும், இல்லியா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்போ நாளையிலேந்து பால் இங்கேயே வாங்குங்க" என்றாள்.

வடக்கு வீட்டுக்காரனுக்கு அப்போது மிச்சமிருந்தது நாட்களின் கணக்கு மட்டும்தான். டெல்லிக்கும் தூதரகத்துக்கும் சேர்த்து பத்து நாள் பிடிக்கும் என்று ஏஜெண்டு சொல்லியிருந்தார். சான்றிதழை அந்த அலுவலகத்தில் மறுபடி கொடுத்தாயிற்று. முத்திரை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புவோம் என்றார்கள். தினமும் தபால்காரர் வரும் நேரம் ஆனதும் அவன் எந்த வீட்டின் ஏணியில் நின்றாலும் எனக்குப் போன் செய்வான். "வந்துதா சாரே?" இல்லை. அதற்குள் மருத்துவமனையிலிருந்து நினைவூட்டல் கடிதம் ஒன்று அவன் மனைவிக்கு வந்துவிட்டது. ஆகஸ்டு முடிந்தபின் ஒரு நாள்கூடக் காக்க இயலாது என்று அதில் எழுதியிருந்தது. அவள் அதைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினாள்.

இன்று அந்த மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அவன் அங்கேயும் ஒயரிங் வேலைதான் செய்கிறான். மகள் பள்ளிக்குப் போகிறாள். ஆகஸ்டு கடைசி வாரத்தில் அவர்கள் விமானம் ஏறிய அன்று, கேள்வியை எழுதிய நானும் கேட்ட உறுப்பினரும் விமான நிலையத்து வாசலில் நின்றோம். கட்சிக்காரர் யாரும் இல்லை, மாலை இல்லை, படம் எடுக்க ஆள் இல்லை. உறுப்பினர் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை. அவர்களை உள்ளே அனுப்பிய பிறகு என் தோளில் கைபோட்டு, "இனி அடுத்த கூட்டத்துக்கு என்ன எழுதலாம் சாரே?" என்று கேட்டார். ஓய்வுபெற்ற பிறகு யாரும் என்னிடம் கேட்ட சிறந்த கேள்வி அதுதான். விதிப்படியும் சரி.

பழக்க தோஷத்தில், முடிப்பதற்கு முன் ஆவணத்தைச் சரியாகக் குறிப்பிட வேண்டும். முத்திரை பெற்ற சான்றிதழோடு வந்த பதில் கடிதத்தில் இருந்த தேதி ஆடி மாதத்தின் கடைசி வாரத்தது. பதிவுத் தபாலில் சேர்த்தது அதற்கு மூன்று நாள் கழித்து. தபால்காரர் அவன் வீடு பூட்டியிருந்ததால் என்னிடம் கையெழுத்து வாங்கி உறையைக் கொடுத்தார். அவன் ஆரியங்கோட்டில் ஏணியிலிருந்து இறங்காமலே உறையைப் பிரிக்கச் சொன்னான், முத்திரையை வாசிக்கச் சொன்னான், இன்னொரு முறை வாசிக்கச் சொன்னான். பதில் வந்து சேர்ந்த நாள், ஆவணி மாதம் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை.